ஸ்கேன் சி.டி.யை நம் கம்ப்யூட்டரில் திறப்பது எப்படி: கோபி ஜெராக்ஸ் கடையிலிருந்து

கோபிச்செட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை எல்லாம் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. பட்டா நகல், ஆதார் திருத்தம், பரீட்சை விண்ணப்பம் என்று வருகிற கூட்டத்துக்கு நடுவே சிலர் பிளாஸ்டிக் உறையில் ஒரு சி.டி.யை எடுத்து நீட்டுவார்கள். கோவையிலோ ஈரோட்டிலோ பெருந்துறையிலோ ஸ்கேன் எடுத்தபோது ஃபிலிமோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். "தம்பி, இதுக்குள்ள எம்பட முதுகு இருக்குதாமா, கொஞ்சம் காட்டு கண்ணு" என்பார் அந்தியூர்ப் பக்கத்துப் பெரியவர். வீட்டில் பையன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்று சொல்லியிருப்பான்.

சி.டி. கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் முடிவு செய்கிறார்கள். நான் பார்த்தவரை சி.டி. பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குள் கூடவே வரும் குட்டிப் புரோகிராம்தான் மக்கர் செய்கிறது. அதனால் என் வழி இதுதான்: அந்தப் புரோகிராமைத் தொடவே வேண்டாம். உள்ளே இருப்பதை முழுக்கக் காப்பி எடுங்கள், உங்கள் கம்ப்யூட்டரில் சொந்தமாக ஒரு வியூவரை, அதாவது ஸ்கேன் படம் பார்க்கும் புரோகிராமைப் போடுங்கள், அதில் ஃபோல்டரையே திறங்கள். ஸ்கேன் எடுத்த இடம் எதுவானாலும் இது ஒத்துவரும்.

உள்ளே என்ன இருக்கிறது

மருத்துவப் படங்களுக்கு என்று டைகாம் என்ற ஒரு பொது வடிவம் இருக்கிறது. அமெரிக்காவில் கதிரியக்க மருத்துவர்கள் சங்கமும் மின் கருவி உற்பத்தியாளர்கள் சங்கமும் 1983-இல் ஒன்றாக உட்கார்ந்து ஆரம்பித்த வேலை. 1985-இல் முதல் பதிப்பு வந்தது, 1993-இலிருந்து டைகாம் என்ற பெயர். எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் படம் இந்த வடிவில்தான் வரும். ஒரே வியூவரில் எல்லா ஊர் ஸ்கேனையும் பார்க்க முடிவது இதனால்தான்.

சி.டி.யைத் திறந்தால் டைகாம்டிர் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கும். அது பொருளடக்கம் மாதிரி. எந்த நோயாளி, எந்தப் பரிசோதனை, எந்தப் படம் எங்கே என்ற விவரம் அதில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ஃபோல்டர், அதற்குள் இன்னும் சில ஃபோல்டர்கள், அதற்குள் எட்டு எழுத்துக்கு மிகாத பெயரோடு நூற்றுக்கணக்கில் ஃபைல்கள். புள்ளி வைத்து ஜேபெக் என்றோ பி.டி.எஃப். என்றோ பெயருக்குப் பின்னால் வால் எதுவும் இருக்காது. இதைப் பார்த்துத்தான் பலரும் பயந்துவிடுகிறார்கள். ஏதோ வைரஸ் என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு.

சந்தேகமாக இருந்தால் ஒரு ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் 128 பைட்டுகள் வெற்றிடமாகவோ குப்பையாகவோ தெரியும், அடுத்து டி, ஐ, சி, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வரிசையாக வரும். வந்தால் அது டைகாம் படம். பார்த்துவிட்டுச் சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள்.

முதலில் காப்பி

இப்போது வரும் லேப்டாப்பில் சி.டி. டிரைவே இல்லை. யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், அல்லது யாரிடமாவது இரவல் கேட்கலாம். நாலு முனை உள்ள ஹப்பில் செருகாமல் நேரடியாக லேப்டாப்பிலேயே செருகுங்கள். மின்சாரம் போதாவிட்டால் டிரைவ் சுற்ற ஆரம்பித்து நின்றுவிடும், அப்புறம் பழி சி.டி. மேல் விழும்.

சி.டி.யில் கைரேகை, தூசி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில் பதிந்திருக்கிறது. அதே திசையில் விழும் கீறல் தொடர்ச்சியாக நிறைய இடத்தைக் கெடுக்கும், குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் சமாளித்துவிடும்.

பிறகு டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் போட்டு, பெயரும் தேதியும் உடம்பின் பகுதியும் எழுதி, சி.டி.யில் உள்ள எல்லாவற்றையும் அதற்குள் காப்பி செய்யுங்கள். படங்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள், டைகாம்டிர் ஃபைலும் கூட வரவேண்டும். சி.டி.யிலிருந்தே நேரடியாகப் படம் பார்த்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் டிரைவ் உறுமும், படம் திக்கித் திக்கி வரும்.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். சி.டி. ஸ்கேனில் (இந்த சி.டி. வட்டு இல்லை, எக்ஸ்ரேயால் உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கும் ஸ்கேனின் பெயர்) ஒரு படம் 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். ஆக அரை எம்.பி. நெஞ்சுப் பகுதியை மெல்லிசாக 400 படம் எடுத்தாலும் 200 எம்.பி.தான். சி.டி. வட்டின் கொள்ளளவே 700 எம்.பி. ஆனால் சின்னச் சின்ன ஃபைல்கள் என்பதால் காப்பியாக ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும்.

இப்போது சில இடங்களில் சி.டி.க்குப் பதிலாகப் போனுக்கு லிங்க் அனுப்புகிறார்கள். அதில் ஜிப் ஃபைலாக டவுன்லோட் ஆகும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து விரித்துக்கொண்டால், மேலே சொன்ன ஃபோல்டர் நிலைக்கு வந்துவிடும். லிங்க் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்காமல் அன்றைக்கே இறக்கி வையுங்கள்.

எந்த வியூவர்

விண்டோஸில் ரேடியன்ட் வேகமானது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது, இலவசம் சோதனைக் காலத்துக்கு மட்டும். மைக்ரோடைகாம் வீட்டு உபயோகத்துக்கு இலவசம், வணிகத்துக்கு இல்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹோரோஸ் இருக்கிறது. நான் கடையில் வைத்துக் காசுக்குச் செய்கிறவன் என்பதால், உரிமத்தில் வில்லங்கம் இல்லாத ஒன்றாகத் தேடி வீசிஸில் நின்றேன். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான திறந்த மூல மென்பொருள் அது, அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இனி சொல்வதெல்லாம் வீசிஸை வைத்துத்தான். வேறு வியூவரில் பொத்தானின் பெயர் மாறலாம், வேலை அதேதான்.

ஆங்கிலத்தில் டபிள்யூ, ஈ, ஏ, எஸ், ஐ, எஸ் என்று எழுதிப் பின்னால் டாட் ஆர்க் போட்டால் அவர்களுடைய சொந்தத் தளம் வரும். அங்கிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் 'இலவச டவுன்லோட்' தளங்கள் வேண்டாம். கூடவே இரண்டு மூன்று தேவையில்லாத புரோகிராம்களையும் திணித்துவிடுவார்கள். விண்டோஸ் 64 பிட்டுக்கான இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் இன்டெல் சிப்புக்கு ஒன்று, ஆப்பிள் சிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். முன்பெல்லாம் ஜாவாவைத் தனியாகப் போட வேண்டியிருந்தது, இப்போது உள்ளேயே சேர்ந்து வருகிறது. எங்கேயாவது பழைய குறிப்பில் ஜாவா போடுங்கள் என்று படித்தால் அதை விட்டுவிடுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் நீலப் பெட்டி ஒன்றைக் காட்டி, உங்கள் கம்ப்யூட்டரைப் பாதுகாத்துவிட்டேன் என்று சொல்லக்கூடும். மோர் இன்ஃபோ என்பதை அழுத்தினால் ரன் எனிவே வரும். சொந்தத் தளத்திலிருந்து இறக்கியது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அதை அழுத்துங்கள். சி.டி.க்குள் வந்த பெயர் தெரியாத புரோகிராமுக்கு இதே பெட்டி வந்தால் அழுத்த வேண்டாம் என்பது என் கட்சி. அதில் பாதி, பழைய விண்டோஸ் காலத்தில் எழுதி அப்படியே விட்டது. ஒன்று அட்மின் அனுமதி கேட்கும், இன்னொன்றை ஆன்டிவைரஸ் தூக்கி ஓரத்தில் வைத்துவிடும்.

முதல் முறை வீசிஸைத் திறக்கும்போது ஒரு பொறுப்புத் துறப்பு வரும். ஒத்துக்கொண்டால்தான் உள்ளே விடும். நோயைக் கண்டறிவதற்கான சான்று பெற்ற கருவி இல்லை இது என்பதுதான் அதன் சாரம். படிக்காமல் தட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் பார்க்கும் திரை, சாம்பல் நிறத்தின் ஒவ்வொரு படியும் சரியாகத் தெரிய வேண்டும் என்று அளந்து திருத்திய திரை. நம் லேப்டாப் திரை சினிமா பார்க்கச் செய்தது.

ஃபோல்டரைத் திறங்கள், ஃபைலை அல்ல

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்து, ஒரே ஒரு படம் வந்ததும், இவ்வளவுதானா என்று மூடிவிடுகிறார்கள். வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்குவது மாதிரிதான் ஸ்கேன் மெஷின் உடம்பைத் துண்டு துண்டாகப் படம் எடுக்கிறது. ஒரு ஃபைல் ஒரு துண்டு. முழுத் தண்டும் வேண்டுமானால் ஃபோல்டர் மொத்தத்தையும் கொடுக்க வேண்டும்.

ஃபைல் மெனுவில் இம்போர்ட், அதில் டைகாம் என்று போங்கள். ஒரு ஜன்னல் திறக்கும். இடது பக்கம் லோக்கல் டிவைஸ், டைகாம் சி.டி., டைகாம் ஜிப் என்று வரிசையாக இருக்கும். நாம் காப்பி எடுத்து வைத்திருப்பதால் லோக்கல் டிவைஸ். அங்கே உங்கள் ஃபோல்டரைக் காட்டி, உள் ஃபோல்டர்களிலும் தேடு என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா பார்த்து, இம்போர்ட் அழுத்துங்கள். ஜிப்பை விரிக்கச் சோம்பலாக இருந்தால் டைகாம் ஜிப் வழியாக அப்படியே கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும்.

ஓரத்தில் நோயாளி பெயர், அதன் கீழ் பரிசோதனை, அதன் கீழ் சின்னச் சின்ன முகப்புப் படங்கள் வரும். ஒவ்வொரு முகப்பும் ஒரு வரிசை. ஒன்றை டபுள் கிளிக் செய்தால் நடுவில் பெரிதாகத் திறக்கும்.

திறந்த உடனே படத்தைப் பார்க்கப் போகாதீர்கள். மூலையில் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள்: பெயர், நோயாளி எண், வயது, ஆணா பெண்ணா, எடுத்த தேதி. நம் பக்கத்தில் ஊருக்குப் பத்து பழனிசாமி, பத்து சுப்பிரமணி இருக்கிறார்கள். இனிஷியலும் ஒன்றாகவே அமைந்துவிடும். பெயரை மட்டும் நம்பாமல் ரிப்போர்ட்டில் உள்ள நோயாளி எண்ணோடு ஒப்பிடுங்கள். சில வியூவர்களில் பெயருக்கு நடுவே கூரை மாதிரி ஒரு குறி வரும்; டைகாம் பெயரின் பகுதிகளை அப்படித்தான் பிரித்து வைக்கிறது. வயது 056 என்று மூன்று இலக்கத்தில் வந்தால் ஐம்பத்தாறு. தேதி உள்ளே வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எட்டு இலக்கமாகச் சேமித்திருக்கும். திரையில் அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வந்து குழப்பலாம். வேறு யாருடைய பெயராவது வந்தால் அங்கேயே நிறுத்தி, எடுத்த இடத்துக்குப் போன் செய்யுங்கள்.

மவுஸ் வித்தை

மவுஸ் சக்கரத்தை உருட்டினால் துண்டு துண்டாக நகரும். இதற்குத்தான் இவ்வளவு பாடும். ஃபிலிமில் இருபது முப்பது கட்டங்களாக உறைந்து கிடப்பது இங்கே ஓடும்.

இடது பொத்தானை அழுத்திப் பிடித்து இழுத்தால் வெளிச்சமும் கருப்பு வெள்ளை வித்தியாசமும் மாறும். இதை விண்டோ என்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, எலும்புக்கு நூற்றுக்கணக்கில் மேலே. ஸ்கேனைக் கண்டுபிடித்து 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அளவு. மொத்தம் 4000-க்கும் மேற்பட்ட படிகள். அத்தனையையும் ஒரே நேரத்தில் காட்டினால் கண்ணுக்கு எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் தெரியும். அதனால் தேவையான பகுதியை மட்டும் விரித்துப் பார்க்கிறோம். மூளைக்கு நடு 40, அகலம் 80 என்று குறுக்குவார்கள். நுரையீரலுக்கு நடு கழித்தல் 600, அகலம் 1500 வரை விரிப்பார்கள். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம். ப்ரீசெட் பட்டியலில் மூளை, நுரையீரல், எலும்பு என்று தயாராக இருக்கும். ஒரே துண்டை நுரையீரல் விண்டோவிலும் எலும்பு விண்டோவிலும் மாற்றிப் பாருங்கள், வேறு வேறு படம் என்றே தோன்றும்.

எம்.ஆர்.ஐ.யில் இந்த ப்ரீசெட் பலிக்காது. அதில் தண்ணீருக்கு இவ்வளவு என்று நிலையான எண் கிடையாது, எடுக்கும் முறையைப் பொறுத்து மாறும். கையால்தான் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். எந்த வரிசை எது என்று குழம்பினால் ஒரு அடையாளம்: டி2 என்ற வகையில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும், டி1-இல் கருப்பாக. முதுகு ஸ்கேனில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள திரவம் வெள்ளைப் பட்டையாக ஓடினால் அது டி2.

திரையை இரண்டாகப் பிரித்து, பக்கவாட்டு வரிசையை ஒன்றிலும் குறுக்கு வரிசையை இன்னொன்றிலும் வையுங்கள். ஒன்றில் நீங்கள் நிற்கும் துண்டு மற்றதில் எங்கே வெட்டுகிறது என்று கோடு போட்டுக் காட்டும். டாக்டர் எல்4, எல்5 (இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்பு) என்று சொன்னது எந்த இடம் என்று அப்போது புரியும்.

குறுக்கு வெட்டில் உங்களுக்கு இடது பக்கம் தெரிவது நோயாளியின் வலது பக்கம். நம்மை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால் பக்கமிருந்து பார்க்கிற கோணம் அது. ஓரத்தில் ஆர், எல் எழுத்துகள் இருக்கும். சிறுநீரகக் கல் எந்தப் பக்கம் என்று மாமனும் மச்சானும் என் கடையில் நின்று சண்டை போட்டதெல்லாம் இதைக் கவனிக்காததால்தான். படத்தைத் திறந்துகொடுப்பேன், நகர்த்திக் காட்டுவேன். இது கட்டியா, டிஸ்க் விலகலா என்று என்னிடம் கேட்காதீர்கள். "அத டாக்டர்தானுங்க சொல்லோணும்" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

கருப்பாகவே வந்தால்

முழுக் கருப்போ முழு வெள்ளையோ வந்தால் முதலில் ரீசெட். விண்டோவை எங்கோ இழுத்துவிட்டிருப்பீர்கள். ரீசெட்டுக்கும் மசியவில்லை என்றால் அடுத்த வரிசையைத் திறந்து பாருங்கள். ஒன்றிரண்டு படம் மட்டும் உள்ள வரிசை, எங்கே எடுப்பது என்று குறிபார்க்க எடுத்த முன்னோட்டமாக இருக்கும். எழுத்து மட்டும் வந்தால் அது அறிக்கை. பட்டியலில் பெயர் வந்து படம் மட்டும் வரவில்லை என்றால், படத்தைச் சுருக்கிச் சேமித்திருப்பார்கள், அந்தச் சுருக்க முறை உங்கள் வியூவருக்குத் தெரியாது. சாதாரணப் படம் பார்க்கும் புரோகிராம்களில் இது அடிக்கடி வரும். வியூவரைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் வேறொன்றில் முயலுங்கள். எதற்கும் அசையாமல் காப்பியும் பாதியில் நின்றால் மட்டும் சி.டி. மேல் சந்தேகப்படலாம். எடுத்த இடத்திலேயே கேட்டால் புதிதாக எழுதித் தரக்கூடும், அவர்கள் சர்வரில் படம் இருக்கும்வரை. தள்ளிப்போடாமல் போங்கள்.

வெளியூர் டாக்டருக்கு அனுப்ப

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுத்த ஸ்கேன். போட்டோவாக அனுப்பினால் 256 படிகளுக்குச் சுருங்கி, வாட்ஸ்அப் இன்னும் நசுக்கி, டாக்டர் விண்டோவை மாற்றவே முடியாத ஒரு படம் போய்ச்சேரும். அதற்குப் பதில் ஃபோல்டரை ஜிப்பாக்கி, வாட்ஸ்அப்பில் போட்டோவாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை போகும். அசல் அப்படியே போய்ச்சேரும்.

உள்ளே நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஊர் குரூப்பில் போடாதீர்கள். படத்தை ஏற்றினால் பார்த்துச் சொல்கிறோம் என்னும் பெயர் தெரியாத வலைத்தளங்களிலும் ஏற்றாதீர்கள்.

வெளியில் ஒரு கடையில் திறந்திருந்தால், வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்யச் சொல்லுங்கள், டவுன்லோட்ஸில் ஜிப் கிடந்தால் அதையும். கூச்சப்பட வேண்டாம், என்னிடம் கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். டிரைவிலிருந்து சி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள், விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். தேதி, எந்தப் பகுதி என்பதையெல்லாம் உறையின் மேல் எழுதுங்கள். சி.டி. மேலேயே பால்பாயின்ட் பேனாவால் எழுதக் கூடாது. தகவல் பதிந்திருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான். அழுத்தி எழுதினால் அங்கேதான் கீறும்.